முகாமுக்குப் போன முதல் அழைப்பிதழ்

அன்புள்ள ஜெரோம்,

உன் அப்பா வாழ்க்கையில் அதிகம் எழுதியது தொழிற்சாலையில் லீவு கேட்கும் படிவமும் கடைக்குப் போகும்போது அம்மா சொல்லச் சொல்ல எழுதும் துண்டுகளும்தான். இரண்டிலும் பிழை இருக்கும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கணிதம் இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் ஒரே மாதிரி விழுந்தவன். நீ இங்கே சுவிஸில், பீலில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பத்தாம் வகுப்பு வரை படித்தாய். ஆகவே தமிழில் நாங்கள் இருவரும் சமம், என் எழுத்து உனக்கு விளங்கும். விளங்காத இடத்தை நிரோஷாவிடம் கேள். அவளுக்குத் தெரியாமல் இதை வாசிக்காதே. இன்னும் மூன்று கிழமையில் உன்னைக் கட்டப் போகிறவள், எப்படிப்பட்ட மாமனாருக்கு மருமகளாக வருகிறாள் என்று முன்னாலேயே அறிந்துகொள்ளட்டும். இதன் பிரதி ஒன்றை எங்கள் ஊர் ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கும் அனுப்புகிறேன். போடமாட்டார்கள். மலர்க்குழுவின் தலைவரும் சிறில் அங்கிள்தான்.

சொல்ல வந்ததை முதலே சொல்லிவிடுகிறேன். உன் கலியாணத்தில் கோயில் பதிவுப் புத்தகத்தில் சிறில் அங்கிள் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. ஏன் என்று சொல்லப்போனால், நான் எவ்வளவு கேவலமான வேலை ஒன்றைச் செய்திருக்கிறேன் என்பதும் வெளியே வரும். வருகிற சனிக்கிழமை அவர் நீ இருக்கும் பாடனுக்கு வந்து உன்னைச் சந்தித்து அதைச் சொல்லப்போகிறார். என்னிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவர் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் கையால் வாசிக்கவேண்டும் என்பதற்காக இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

போன மாதம் நீ அழைப்பிதழ்க் கட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "அப்பா, முதல் காட் சிறில் அங்கிளுக்கு. நீங்களும் அம்மாவும் நேர போய்க் குடுங்கோ, அதுதான் மரியாதை" என்று சொன்னாய். நான் எழுந்து போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். என்ன தேடுறீங்கள் என்று கேட்டாய். ஊறுகாய் என்றேன். ஊறுகாய்ப் போத்தல் மேசையில் உன் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நீ சொன்ன வார்த்தையை நான் அதற்கு முதல் ஒரு தடவை, வேறொரு ஊரில், வேறொரு கலியாண வீட்டில் கேட்டிருக்கிறேன். அது உனக்குத் தெரியாது. தெரியாமல் வளர்த்தது நான்.

நீ அம்மாவின் வயிற்றில் இருந்த காலத்தில் நாங்கள் வவுனியாவில் இருந்தோம். மன்னாரிலிருந்து சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, ஒரு கராஜில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது. ஊரை இராணுவம் வைத்திருந்தது. ஊருக்குள் இருக்கும் மனிதரை வைத்திருந்தது இராணுவத்தோடு சேர்ந்து நின்ற ஒரு தமிழ்க் குழு. அவர்கள் யாரோ ஒரு டாக்குத்தர் விட்டுவிட்டுப் போன மாடிவீட்டைப் பிடித்து முகாம் ஆக்கியிருந்தார்கள். அதற்குள் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் எதுவும் கதைக்கமாட்டார்கள். வராதவர்களைப் பற்றி மற்றவர்கள் கதைக்கமாட்டார்கள். மறுபக்கத்து இயக்கமும் பூசைப் புத்தகத்தோடு வந்தவர்கள் இல்லை, ராசா. அவர்கள் விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் துரோகி என்று சொல்லிச் சுட்டது, மற்றப் பக்கம் புலி என்று சொல்லிச் சுட்டது. நடுவில் நின்ற நாங்கள் இரண்டு பக்கத்துக்கும் பல்லைக் காட்டியதால் பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அந்த ஊரில் அப்போது ஒரு புதுச் சம்பிரதாயம் வந்தது. கலியாணக் காட் அடித்தால் முதல் காட் மாதா பீடத்துக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு என்றுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். அங்கே முதல் காட் முகாமுக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஒருவர் கொடுத்தார், அவர் வீட்டுக் கலியாணம் பிரச்சினை இல்லாமல் நடந்தது, மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். முகாமிலிருந்து ஒருவர் வருவார். அவருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை, அதற்குப் பக்கத்தில் துவக்கைச் சாத்த இன்னொரு கதிரை. பொம்பிளையின் தகப்பன் போய், "தம்பி, இன்னும் கொஞ்சம் இறைச்சி போடட்டோ" என்று கேட்பார். அந்தத் தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. போன கிழமை அதே தகப்பனின் தங்கச்சி மகனை அவர்தான் கொண்டுபோயிருப்பார். தகப்பன் அதையும் தெரிந்துகொண்டே எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போடுவார். நான் அந்தத் தகப்பனைப் பார்த்து மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். அவ்வளவு வீரம் எனக்கு, மனதுக்குள்.

அப்படி முன்கதிரையில் இருந்து எலும்பில்லாத இறைச்சி சாப்பிட்டவர்தான் உன் சிறில் அங்கிள். அப்போது அவருக்கு வேறு பெயர். அவர்கள் எல்லோருக்கும் சினிமாக்காரர் மாதிரி ஒரு வேறு பெயர் இருக்கும். இன்றைக்குச் சூக் நகரில் துப்புரவு நிறுவனம், தோல் சோபா, மீன்தொட்டி, சுவர் நிறையப் பாராட்டுப் பட்டயங்கள். "சமூகத் திலகம்" என்று ஒன்று, "ஈகைச் செம்மல்" என்று ஒன்று. இவற்றை யார் கொடுத்தது என்று கிட்டப் போய் வாசித்துப் பார்த்தேன். அவரே தலைவராக இருக்கும் ஒன்றியம் அவருக்கே கொடுத்திருக்கிறது. தன் முதுகைத் தானே சொறிய எட்டாத மனிதர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

இப்போது நான் செய்த அந்தப் பெயின்ற் வேலையின் கதை. வவுனியாவில் சவிரியார் என்று ஒரு பாண்காரர் இருந்தார். அவரிடம் ஒரு வான் இருந்தது, இளநீலம். விடிய விடியப் பாண் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். அந்த வானின் இரண்டு பக்கத்திலும் சிவப்பில் 'அந்தோனியார் பேக்கரி' என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். எழுதி முடித்ததும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "டேய் தம்பி, அந்தோனியாரைவிடப் பேக்கரியை எல்லோ பெரிசா எழுதிப்போட்டாய். அவர் கோவிச்சால் நான் உன்ர பேரைத்தான் சொல்லுவன்" என்றார். அம்மாவுக்கு நீ வயிற்றில் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, கராஜ் பக்கம் வரும்போதெல்லாம் மீன் வைத்துச் சுட்ட பணிஸ் இரண்டைக் கடதாசியில் சுற்றித் தந்துவிட்டுப் போவார். உன் எலும்பில் பாதி அந்த மனிதரின் பணிஸ்.

ஒரு நாள் மத்தியானம் அந்த வானை வேறு ஆட்கள் ஓட்டிக்கொண்டு கராஜுக்குள் வந்தார்கள். முன் சீட்டிலிருந்து சிறில் இறங்கினார். முதலாளி ஏதோ சாமான் எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டார், திரும்பி வரவில்லை. சிறில் என்னிடம், "நாளைக்குப் பின்னேரம் வேணும். வெள்ளை" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை, துவக்கைக் காட்டவில்லை. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி, "சாப்பிட்டாச்சோ" என்று கேட்டார். நான் ஓம் அண்ணை என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

நான் வேலையைத் தொடங்கினேன். பின்கதவைத் திறந்தபோது இரண்டு பாண் தட்டுகளும் ஒரு செருப்பும் கிடந்தன. தட்டுகளை மூலையில் வைத்தேன். செருப்பைக் கழிவெண்ணெய்ப் பீப்பாய்க்குள் போட்டேன். என் கையாலேயே எழுதிய எழுத்தை என் கையாலேயே தேய்த்து எடுத்தேன். இங்கேதான் கவனமாக வாசி, ஜெரோம். எனக்குப் பயம் இருந்தது. அதை நீ மன்னித்துவிடுவாய், நல்ல பிள்ளை. ஆனால் ஒரு பூச்சுப் போதும் என்ற இடத்தில் நான் இரண்டு பூச்சு அடித்தேன். அதை யாரும் கேட்கவில்லை. கதவின் உட்புறம், சில்லுக்கு மேலே வளைவு, ஒருவரும் குனிந்து பார்க்காத இடமெல்லாம் வடிவாக அடித்தேன். அடுத்த நாள் பின்னேரம் சிறில் வந்து, விரலால் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு நாள் பின்பக்கம் நின்று காயட்டும் என்று சொல்லி, "வேலைகாரன்" என்றார். அப்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் இந்தச் சந்தோஷத்தை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பொய் சொன்னேன், கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று அரைத்த மாவையே அரைத்துவிட்டு வருவேன். பாதிரியார் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லுவார். மலிவான வியாபாரம்.

மூன்றாம் நாள் காலை சவிரியாரின் மனைவி றெஜினா அக்கா கராஜுக்கு வந்தார். "தம்பி, எங்கட வானை எங்கையும் கண்டனீரோ? வான் கிடைச்சால் மனிசன் எங்கை எண்டு கேக்கலாம்" என்றார். நான், "இல்லை அக்கா" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். நகத்துக்குள் வெள்ளை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். பெயின்ற் அடிக்கும்போது கட்டுகிற துணியை நான் மூக்குவரை கட்டியிருந்தேன். அந்த ஊரில் முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்தவர்கள் இரண்டு வகை: பெயின்ற் அடிக்கிறவனும், முகாமில் தலையாட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கிறவனும். அன்றைக்கு நான் இரண்டு வேலையையும் ஒரு சம்பளத்தில் செய்தேன். அவர் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவிரியார் வரவேயில்லை. அந்த வெள்ளை வான் ஊருக்குள் ஓடியது. அதைக் கண்டால் சனம் கடைக் கதவை இழுத்து மூடும். யாருக்கும் யாரோடும் கதை இல்லாமல் போயிற்று. வீட்டில் பெடியன் இருக்கிறான் என்று அயலுக்குத் தெரியக்கூடாது, அயல் வீட்டுப் பெடியன் எங்கே என்று நீ கேட்கக்கூடாது. கேட்டால் நீ யாருக்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் யோசிப்பார்கள். உனக்கு ஞாபகமிருக்கும், நீ சின்ன வயதில் பீலில் பேருந்தில் உரத்துத் தமிழ் கதைத்தால் நான் உன் தொடையில் கிள்ளுவேன். சுவிஸ்காரருக்குத் தொந்தரவு என்று காரணம் சொல்லுவேன். சுவிஸ்காரர் பாவம், அவருக்கு என்ன. பின் சீட்டில் எந்தத் தமிழர் இருக்கிறார், அவர் அந்த நாளில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, அதுதான் காரணம். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது வேதம், சாதி, படிப்பு எல்லாம் விசாரித்த பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நேரம் ஆக்கள் எந்தப் பக்கம்" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். நிரோஷாவின் தகப்பனும் என்னிடம் கேட்டார். "நாங்கள் ஒரு பக்கமும் இல்லை, பெயின்ற்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர், அவரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

நீ கேட்பாய், அப்பா, இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏன் என்னை அவருடைய காரில் ஏற விட்டீர்கள் என்று. பன்னிரண்டு வருடத்துக்கு முன் உன் உதைபந்தாட்டப் போட்டியில் அவரை முதல் தடவை இங்கே கண்டேன். தலை வழுக்கை, தொப்பை, கழுத்தில் ஊதுகுழல். ஒரு பெடியனைப் பார்த்து "சாப்பிட்டாச்சோ" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் நேரே கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். உன் அப்பாவின் எதிர்ப்புப் போராட்டம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தது. பிறகு உனக்குத் தொழில் பழக இடம் கிடைக்காமல், நாற்பது விண்ணப்பம் போட்டு நாற்பதும் திரும்பி வந்த வருடம், அவர் ஒரு தொலைபேசி எடுத்தார். பாடனில் இடம் கிடைத்தது. முதல் மாதம் முழுக்க உன்னைத் தன் காரில் ஏற்றி இறக்கினார். அது பொய்யில்லை. நல்லதுதான் செய்தார். உனக்கு நல்லவர். ஒரு மனிதனை நல்லவன் என்று யாராவது சொன்னால், ஆருக்கு நல்லவன் என்று ஒருதரம் கேட்டுப் பழகு. நான் கேட்கவில்லை. உன்னுடைய தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு ஒரு போத்தல் விஸ்கியும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் என்னை அடையாளம் காணவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். முகத்தில் துணி இருந்ததே.

போன ஞாயிறு நீ சொன்னபடி நானும் அம்மாவும் சூக்குக்குப் போனோம். அம்மா காட்டைத் தட்டில் வைத்து நீட்ட, நான் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் காட்டைப் பிரித்து, தன் பெயர் சாட்சியாக அச்சடித்திருப்பதைப் பார்த்து, கண்ணெல்லாம் கலங்கி, "பெடியன் என்னைத் தகப்பன் ஸ்தானத்தில வைச்சிருக்கிறான்" என்றார். நான் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவியும் அம்மாவும் சீலை பார்க்க உள்ளே போனார்கள். அவர் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வந்து இருந்து, தொடையில் தட்டினார்.

"அப்ப என்ன பெயின்ரர், இப்ப மணிக்கூட்டுக் கொம்பனியில மினுக்கிற வேலையோ?"

நான் முந்திரிப் பருப்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

"முதல் நாளே தெரியும். உம்மட கண்ணை மறக்கேலுமே. அந்த வான் ஆறு வருசம் ஓடினது, ஒரு இடத்தில பெயின்ற் கழரேல்லை. பெடியளிட்டைச் சொல்லுவன், வேலையெண்டால் அப்பிடிச் செய்யோணுமெண்டு."

"அண்ணை, அது சவிரியாற்றை வான்" என்றேன்.

"ஆர்?"

"பாண்காரர்."

"ஓ, அப்பிடி ஒராளோ?" என்று யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், ஜெரோம். நடிக்கவில்லை. மறைப்பதற்குக்கூட அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. "அந்தக் காலம் அப்பிடி. நாங்கள் செய்யாட்டி ஆரோ செய்திருப்பினம். விடும். நீரும் நானும் ஒரு ஆக்கள்தானே" என்று என் கிளாஸில் தன் கிளாஸை முட்டினார். நான் குடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்: குடித்தேன், "ஓம் அண்ணை" என்றும் சொன்னேன். எலும்பில்லாத இறைச்சி போட்ட அந்தத் தகப்பனை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன். அவருக்காவது முன்னால் துவக்கு இருந்தது. எனக்கு முன்னால் மீன்தொட்டியும் முந்திரிப் பருப்பும்தான் இருந்தன. இந்த நாட்டில் அவரால் என்னை என்ன செய்ய முடியும்? ஒன்றியத்தின் விளையாட்டு விழாவில் கயிறு இழுத்தலுக்கு என் பெயரை வெட்டுவார். அதற்குப் பயந்தா நான் முதல் காட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்? பயம் பழகிவிட்டால் அதற்குக் காரணம் தேவைப்படுவதில்லை. சோறு, கறி மாதிரி அது நேரத்துக்கு வந்துவிடும்.

ரயிலில் அம்மா கேட்டாள், ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு என்று. சூரிச்சில் ஏறி ஓல்டன் வருவதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "நான் உங்களைப் பயந்தாங்கொள்ளி எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான். பயந்தாங்கொள்ளியோடை குடும்பம் நடத்தலாம்" என்றாள். பிறகு, "அந்த மனிசன் தந்த பணிஸை நான் தின்னேக்கை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தனீங்கள், என்ன?" என்றாள். வான் வந்த அன்று காலையும் சவிரியார் தந்திருந்த இரண்டு பணிஸை அம்மா இரவுதான் தின்றாள். அதைத்தான் கேட்டாள். உனக்கு இதில் ஒரு புத்தி இருக்கிறது, எடுத்துக்கொள்: மனைவிக்குத் தெரியாமல் எதையாவது சுமக்கலாம் என்று நினைக்காதே. நீ சுமக்கிறாய் என்று நினைப்பாய், தெரியாமலே அவளும் சுமந்துகொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை வேலை இடைவேளையில் தொழிற்சாலையின் சைக்கிள் கொட்டகைக்குள் நின்று சிறிலுக்குப் போன் எடுத்தேன். கலியாணத்துக்கு வரவேண்டாம், சாட்சி போடவேண்டாம் என்றேன். சொல்லும்போது பக்கத்து சைக்கிளின் மணியில் முழங்கை பட்டு அது வேறு அடித்தது. முதலில் சிரித்தார். பிறகு, "நீர் குடிச்சிட்டோ கதைக்கிறீர்" என்றார். பிறகு குரல் மாறியது. அந்தப் பழைய குரல், மரியாதையான, அவசரமில்லாத குரல். "சரி. சனிக்கிழமை பெடியனை நேர சந்திக்கிறன். ஆர் அந்த வானுக்குப் பெயின்ற் அடிச்சதெண்டு அவனும் அறியத்தானே வேணும். தகப்பனை நம்பித்தானே என்னை வெட்டுறான்."

"சொல்லுங்கோ அண்ணை" என்றேன். "ரெண்டு பூச்சு எண்டும் சொல்லுங்கோ. ஒண்டு எண்டு குறைச்சுச் சொல்லிப்போடாதேங்கோ." இதுதான் என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே தைரியமான வசனம். கேட்பதற்கு ஒருவரும் இல்லை, சைக்கிள்கள்தான்.

உனக்குச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லவேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். செவ்வாய்க்கிழமை மன்னாரில் இருக்கும் உன் மாமாவிடம் றெஜினா அக்காவின் நம்பரைக் கேட்டேன். அரை மணித்தியாலத்தில் அனுப்பினார். இவ்வளவு வருடமாக அவர் எங்கே இருக்கிறாரோ, எப்படித் தேடுவதோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்த கதையின் நீளம் அரை மணித்தியாலம். அதே கொட்டகையில் நின்று எடுத்தேன். வயதுபோன குரல். நான் யார் என்று சொன்னதும், "ஓம், வெள்ளை நகம்" என்றார். மறந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வான் கராஜில்தான் நின்றது, நீங்கள் கேட்டபோது பின்பக்கம் காய்ந்துகொண்டிருந்தது, பெயின்ற் அடித்தது நான், கொண்டுவந்தது இவர், இவர் இப்போது இங்கே இருக்கிறார், இன்ன பெயர். அழுவார், பேசுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வானுக்குள்ள என்ன கிடந்தது?" என்று கேட்டார்.

"ரெண்டு பாண் தட்டு. ஒரு செருப்பு, அக்கா."

"எந்தக் கால்?"

எனக்குத் தெரியவில்லை, ஜெரோம். கண்ணை மூடி, அந்தப் பீப்பாய்க்கு முன்னால் போய் நின்று, கையைப் பார்த்தேன். பெருவிரல் வார் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பார்த்தேன். "இடது போல கிடக்கு" என்றேன்.

"ஓம். இடதாத்தான் இருக்கவேணும். வலது றோட்டில கிடந்தது, நான் எடுத்து வைச்சிருக்கிறன்" என்றார். பிறகு, "அப்ப அவரை வானுக்குள்ள ஏத்தினது உண்மை. அயல் சனம் ஒருத்தரும் காணேல்லை எண்டுதானே சொன்னதுகள். ஓடிப்போயிட்டார், வேற பொம்பிளை எண்டும் கதைச்சதுகள். பிள்ளையளுக்கு இண்டைக்குச் சொல்லுறன்" என்றார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காணாமல்போனவர்களின் விசாரணைக்கு இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீரோ என்று மட்டும் கேட்டார். தருகிறேன் என்றேன். அதைத்தான் இந்தக் கடிதத்துக்கு முன்னால் எழுதி முடித்தேன், நான்கு பக்கம். சிறிலின் பெயர் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது, முகவரியோடு. இந்த நாட்டில் அகதியாகப் பதிந்த நாளில் இந்தக் கதையை நான் அதிகாரிக்குச் சொல்லவில்லை. இப்போது தெரியவந்தால் என் வதிவிட அனுமதிக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அதனால்தான் நீ வேறு யாரிடமாவது கேட்டு அறிவதற்கு முதல் சொல்கிறேன்.

சனிக்கிழமை அவரைச் சந்திக்கப் போ. போகாமல் விடாதே. அவர் என்னைப் பற்றிச் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், மறுத்துக் கதைக்காதே. உனக்கு அவர் செய்த நல்லதுக்கு நன்றி சொல்ல விரும்பினால் சொல், அது உன்னுடைய விஷயம். சாட்சியாக யாரைப் போடுவது என்பதும் உன்னுடைய விஷயம். இருபத்தேழு வயது, புத்தி உண்டு, கலியாணமும் உன்னுடையது. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு என்னையும் வரவேண்டாம் என்று சொன்னால், அம்மாவை நிரோஷா வீட்டாரோடு அனுப்பிவிட்டு நான் பீலில் இருப்பேன். சனம் கேட்டால் உண்மையைச் சொல். நான் வந்து, பூசை முடிந்து பாதிரியார் புத்தகத்தை விரிக்கும்போது அந்த மனிதர் பேனாவைக் கையில் எடுத்தால் மட்டும், நான் இருக்கிற இடத்தில் எழும்பி, சவிரியாரை இவர் கொண்டுபோனார், வானுக்கு நான் பெயின்ற் அடித்தேன் என்று இரண்டு வசனம் சொல்லிவிட்டு இருந்துவிடுவேன். உன் கலியாணம் பழுதாகிவிடும். அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உன்
அப்பா